கேட்டால் சொல்பவள்

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அண்ணன் வந்தபோது அழைப்பு மணியை அடிக்கவில்லை, கதவை அடித்தான். உள்ளே துணி மடித்துக்கொண்டிருந்தவளுக்கு அந்தச் சத்தத்திலேயே தெரிந்துவிட்டது, இது நலம் விசாரிக்க வந்த கை இல்லை என்று.

செருப்போடு உள்ளே நுழைந்தான். சாப்பாட்டு மேசையிலிருந்து ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தான்.

"அம்மா எங்க?"

"உள்ள படுத்திருக்காங்க. இப்பதான் கண்ணுக்கு மருந்து விட்டேன்."

"படுக்கட்டும். அந்தக் கதவைச் சாத்து."

சாத்தினாள். எதைப் பற்றிப் பேச வந்திருக்கிறான் என்று கேட்க வேண்டிய அவசியமே இல்லை. முந்தின நாள் காலையிலிருந்து அந்த லிஃப்ட் கம்பெனியில் வேறு பேச்சே கிடையாது.

அண்ணனும் தங்கையும் ஒரே கம்பெனியில்தான் வேலை பார்த்தார்கள். அவன் மெக்கானிக், இருபத்திரண்டு வருட அனுபவம், சொந்த உரிமம். அவள் அலுவலகத்தில் தொலைபேசியின் பக்கத்தில் உட்கார்ந்து புகார்களைப் புத்தகத்தில் எழுதிக்கொள்பவள். எந்தக் கட்டடம், என்ன கோளாறு, யார் கூப்பிட்டது, எந்த மெக்கானிக்கிடம் சொன்னது என்று நான்கு கட்டம். அந்த வேலையை அவளுக்கு வாங்கித் தந்தவன் அண்ணன்தான். ஒன்பது வருடமாக அதை வாரத்துக்கு ஒரு தடவையாவது சொல்லிக்காட்டிக்கொண்டும் இருந்தான்.

நடந்தது இதுதான். ஐந்து மாடிக் கட்டடம் ஒன்றின் காவலாளி போன வாரத்துக்கு முந்தின வெள்ளிக்கிழமை கூப்பிட்டான். இரண்டாம் மாடி லிஃப்ட் கதவின் பூட்டு சரியில்லை, அந்த மாடியில் லிஃப்ட் பெட்டி நிற்காதபோதும் இழுத்தால் திறந்துகொள்கிறது என்றான். திங்கட்கிழமை மறுபடி கூப்பிட்டான். இரண்டு தடவையும் அவள் எழுதிக்கொண்டாள், அண்ணனிடம் சொன்னாள். புதன்கிழமை அந்தக் கட்டடத்துக்கு மாதாந்திரப் பரிசோதனை இருக்கிறது, அப்போது பார்த்துவிடுகிறேன் என்றான். புதன்கிழமை அம்மாவுக்குக் கண் ஆபரேஷன். அவளுக்கு லீவு கிடைக்கவில்லை. அண்ணன்தான் காலை எட்டு மணியிலிருந்து சாயங்காலம் நாலரை வரை ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்திருந்தான்.

அன்று அவள் வீடு திரும்பியபோது அவன் இதே மேசையில் பரிசோதனைத் தாளை விரித்து வைத்து டிக் அடித்துக்கொண்டிருந்தான். கயிறு சரி. பிரேக் சரி. கதவுப் பூட்டு சரி. கடைசியில் கட்டடத்துக்காரர் கையெழுத்துப் போடுகிற இடம் வந்ததும் பேனாவை இடது கைக்கு மாற்றி, காவலாளி போடுவது மாதிரி ஒரு கிறுக்கல் கிறுக்கினான். "எப்படி, அச்சு அசல்?" என்று சிரித்தான். அவள் பார்த்துக்கொண்டு நின்றாள். "நாளைக்குப் போய்ப் பார்த்துடுவேன், மூஞ்சியைத் தூக்கி வச்சுக்காத" என்றான். வியாழக்கிழமை போகவில்லை. வெள்ளிக்கிழமையும் போகவில்லை.

சனிக்கிழமை காலை, தைத்த துணிகளை வீடுவீடாகக் கொடுக்க வந்த தையல்காரம்மா தோளில் மூட்டையோடு இரண்டாம் மாடியில் கதவை இழுத்தார். திறந்தது. காலை வைத்தார். பெட்டி கீழே தரைத்தளத்தில் நின்றது. விழுந்தது அதன் கூரைமேல். இடுப்பெலும்பும் வலது தொடையும் உடைந்துவிட்டன.

கம்பெனி உடனே தாளை எடுத்துக் காட்டியது. புதன்கிழமை பூட்டு சரியாக இருந்திருக்கிறது, கையெழுத்தும் இருக்கிறது. அப்படியானால் காவலாளிதான் லிஃப்ட் கதவைத் திறக்கும் அவசரச் சாவியைப் போட்டு எதையோ நோண்டியிருக்க வேண்டும். அந்தக் கையெழுத்து தன்னுடையதில்லை என்று காவலாளி கத்தினான். யார் கேட்பது? சனிக்கிழமை மத்தியானமே போலீஸ் அவனைக் கூட்டிப்போனது.

"செவ்வாய்க்கிழமை விசாரணை" என்றான் அண்ணன். "அரசாங்க இன்ஸ்பெக்டர் வர்றார். புகார்ப் புத்தகத்தோட உன்னையும் கூப்பிடுவாங்க. புதன்கிழமை உங்க அண்ணன் எங்க இருந்தார்னு கேட்டா என்ன சொல்லுவ?"

"ஆஸ்பத்திரியிலன்னு சொல்லுவேன்."

"மத்தியானம் கிளம்பிட்டார்னு சொல்லு. பன்னெண்டு மணிக்குக் கிளம்பிட்டார், நாலு மணிக்குத் திரும்பி வந்தார். அவ்வளவுதான். கஷ்டமா?"

"நீ போகலையே."

அண்ணன் மேசையில் ஓங்கி அறைந்தான். மருந்துக் குப்பி சாய்ந்து உருண்டது.

"போகலைன்னு எனக்குத் தெரியாதா! யாருக்காகப் போகல? ஆபீஸ்ல உனக்கு லீவு தரலைன்னு எனக்கு போன் போட்டு அழுதது யாரு? நாள் பூரா அந்தப் பெஞ்சில உக்காந்து முதுகு உடைஞ்சது யாருக்கு?"

"அதுக்காக அந்த வாட்ச்மேன் உள்ள போகணுமா?"

"ரெண்டு நாள்ல விட்டுடுவாங்க. ஒரு வேலை போனா இன்னொரு கட்டடம். எனக்கு உரிமம் போனா என்னடி இருக்கு? ரெண்டு பிள்ளைங்களை வச்சுக்கிட்டு நான் எங்க போவேன்?"

"கேட்டா என்னால பொய் சொல்ல முடியாதுண்ணா. உனக்குத் தெரியாதா?"

அவளைப் பற்றி இது எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. யாராவது ஒன்றைக் கேட்டுவிட்டால் அவள் வாயிலிருந்து உள்ளது உள்ளபடி வந்துவிடும். சின்ன வயதில் அண்ணன் வைத்த பட்டப்பெயர் டேப். ஒரு தடவை கேட்டதை அப்படியே ஓட்டிக்காட்டுவாள் என்று. கல்யாணமாகி ஒன்றரை வருடத்தில் அவள் திரும்பி வந்ததற்கும், மாமியார் கேட்ட கேள்விக்கெல்லாம் பதில் சொன்னதுதான் காரணம் என்பது அவன் கட்சி. அவளுக்கோ அதில் உள்ளூர ஒரு பெருமை இருந்தது. படிப்பு இல்லை, அழகு இல்லை, கணவன் இல்லை. ஆனால் நாக்கில் பொய் இல்லை.

அண்ணன் சிரித்தான். அந்தச் சிரிப்புதான் அறைந்ததைவிட மோசமாக இருந்தது.

"பொய் சொல்ல முடியாதாம். உன்னைப் பெரிய உத்தமின்னு நீயே நினைச்சுக்கிட்டு இருக்க. இது எங்கேர்ந்து வந்ததுன்னு தெரியுமா உனக்கு? அம்மா உன்னைப் பழக்கினாங்கடி. நாயைப் பழக்குற மாதிரி."

"என்ன உளர்ற?"

"அப்பா நம்ம ரெண்டு பேரையும் வண்டியில கூட்டிக்கிட்டுப் போவாரே, தையல் மிஷின் பார்ட்ஸ் விக்க? திரும்பி வந்ததும் அம்மா யாரைக் கூப்பிட்டுக் கேப்பாங்க? என்னையா? உன்னைத்தான். இன்னிக்கு அப்பா எந்த வீட்டுக்குப் போனார், யார் கதவைத் திறந்தாங்க, எவ்வளவு நேரம் இருந்தார். பொய் சொன்னா நாக்கு அழுகிப்போயிடும்னு கண்ணாடி முன்னால நிறுத்தி நாக்கை நீட்டச் சொல்லுவாங்க, ஞாபகம் இருக்கா? நான் என் காதால கேட்டேன், சித்திகிட்ட சொன்னாங்க. 'பெரியவன் அப்பன் பக்கம். சின்னதைத்தான் பழக்கணும்.' உளவு பார்க்க ஒரு ஆள் வேணும். அதுக்குத்தான் உன் நாக்கு. அதனாலதான் அப்பா வீட்டை விட்டே போனார். நீ ஓட்டின டேப்பாலதான்."

அவள் உருண்டுபோன மருந்துக் குப்பியை எடுத்து நிமிர்த்தி வைத்தாள்.

"அடுத்தவங்க தேவைக்காக உன் மண்டையில திணிச்சது அது. நல்லதுன்னு யோசிச்சு நீயா எடுத்துக்கிட்டதில்ல. அதைப் போய் தர்மம், நியாயம்னு தூக்கிப் பிடிச்சுக்கிட்டு என் குடும்பத்தை நடுத்தெருவுல நிறுத்தப் போறியா?" எழுந்தான். "செவ்வாய்க்கிழமைக்குள்ள யோசி."

போகும்போதும் கதவை அடித்துச் சாத்திவிட்டுப் போனான்.

அம்மா தூங்கவில்லை. கண்ணுக்கு மேல் பச்சைத் துணியைப் போட்டுக்கொண்டு, எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் படுத்திருந்தாள்.

"அவன் சொல்றது நெஜமாம்மா?" என்று கட்டிலின் ஓரத்தில் நின்றபடி கேட்டாள்.

"எது?"

"என்னைப் பழக்கினது."

"ஆமா. பழக்கினேன்." அம்மா குரலில் கூச்சமே இல்லை. "வேற யார் எனக்குச் சொல்லுவா? அந்த மனுஷன் வாயைத் திறந்தா பொய். உங்கண்ணன் அவருக்கு வால். நான் இந்த வீட்டுக்குள்ள குருடி மாதிரி உக்காந்திருந்தேன். எனக்கு ஒரு கண்ணு வேணும். நீ இருந்த."

"அப்ப நல்லது கெட்டதுன்னு சொல்லிக்கொடுத்ததெல்லாம்?"

"எனக்கு நல்லதாத்தானே இருந்துச்சு." அம்மா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தாள். "அவன் சொல்றபடி சொல்லு. பன்னெண்டு மணின்னு சொல்லு. உன்னை இப்ப யாரு உத்தமியா இருக்கச் சொன்னது? அந்த வேலை அன்னிக்கே முடிஞ்சுபோச்சு."

முப்பத்து மூன்று வருடமாகத் தன் சொத்து என்று நினைத்திருந்ததை, கொடுத்தவளே ஒரு பழைய பாத்திரத்தைப் போலத் திரும்ப வாங்கிக் குப்பையில் போட்டுவிட்டாள். அவளுக்கு அழுகை வரவில்லை. முகம் கழுவப் போனவள் கண்ணாடியில் தன்னையறியாமல் நாக்கை நீட்டிப் பார்த்தாள். சீ என்று விளக்கை அணைத்தாள்.

திங்கட்கிழமை வேலைக்குப் போகும்போதே அவளுக்குள் ஒரு வீம்பு ஏறியிருந்தது. திணித்ததுதானே, எடுத்தும் போடலாமே. எட்டு வயதுக் குழந்தைக்குக் காட்டின பூச்சாண்டிக்கு நாற்பத்தொரு வயதில் எதற்குப் பயப்பட வேண்டும்?

பத்து மணிக்கு ஒரு பெரியவர் கூப்பிட்டார். நாலாம் மாடி வீடு. மனைவிக்குச் சக்கர நாற்காலி. டாக்டரிடம் போய்விட்டு வந்தால் லிஃப்ட் நின்றுபோயிருக்கிறது. "ஆள் எப்பம்மா வருவார்? ரொம்ப நேரமாகும்னா நாங்க பக்கத்துல என் மச்சான் வீட்டுல போய் இருந்துக்குவோம்."

எந்த மெக்கானிக் எங்கே என்று எழுதிவைக்கும் பலகையைப் பார்த்தாள். நாலு மெக்கானிக்குகளும் வெளியே. மூன்று மணிக்கு முன்னால் ஒருத்தரும் கிடையாது. வழக்கமாக அதை அப்படியே சொல்லித் திட்டு வாங்கிக்கொள்வாள்.

"வந்துக்கிட்டே இருக்கார் சார்" என்றாள். "பத்து நிமிஷம்."

அவ்வளவு சுலபம். நாக்கு அழுகவில்லை. பக்கத்து மேசைக்காரி தலையைக்கூடத் தூக்கவில்லை. அட, இதற்கா இத்தனை வருடம் என்று அவளுக்குச் சிரிப்பே வந்துவிட்டது. அண்ணன் சொன்னது சரி. உள்ளே இருந்தது ஒரு பழைய மிரட்டல், அவ்வளவுதான். ஊதினால் போய்விட்டது. டீ வரவழைத்துக் குடித்தாள். நாளைக்குப் பன்னிரண்டு மணி என்று சொல்வதும் இப்படித்தான் இருக்கப்போகிறது என்று மனதுக்குள் ஒத்திகைகூடப் பார்த்துக்கொண்டாள்.

பதினொன்றேகாலுக்கு அதே பெரியவர் கூப்பிட்டார். "அம்மா, வந்துக்கிட்டே இருக்கார்னு சொன்னீங்களே." குரலில் கோபம் இல்லை, வெட்கம் இருந்தது. "நாங்க கீழயே உக்காந்திருக்கோம். எப்ப வேணா வந்துடுவார்னு மச்சான் வீட்டுக்கும் போகல. இவங்களுக்குப் பாத்ரூம் போகணும். போக முடியல. கொஞ்சம் நனைஞ்சுபோச்சு. எல்லாரும் போய் வந்துக்கிட்டு இருக்காங்க, இவங்க அழறாங்க. இன்னும் எவ்வளவு நேரம்மா?"

அவள் பலகையை மறுபடி ஒரு தடவை பார்த்தாள்.

"சார், நான் சொன்னது பொய். யாரும் கிளம்பல. மூணு மணிக்கு முன்னால யாரும் வரமாட்டாங்க. நீங்க மச்சான் வீட்டுக்குப் போயிடுங்க."

அந்தப் பெரியவர், அத்தனை நேரம் மரியாதையாகப் பேசியவர், "த்தூ" என்றார். இணைப்பு அறுந்தது.

அவள் பேனாவை எடுத்து எழுத முயன்றாள். எழுத்து வரவில்லை. தன் நாக்கை நினைத்தோ, கண்ணாடியை நினைத்தோ அவள் கலங்கவில்லை. அவற்றின் ஞாபகமே அப்போது வரவில்லை. நனைந்த துணியோடு ஒரு பொம்பளை நாலு பேர் நடமாடும் இடத்தில் உட்கார்ந்திருக்கிறாள். பத்து நிமிஷம் என்று இவள் சொன்னதால் உட்கார்ந்திருக்கிறாள். இதைத் தப்பு என்று சொல்ல அம்மா வரவேண்டியதில்லை. அம்மா பிறந்தே இருக்காவிட்டாலும் அந்த நாற்காலி நனைந்துதான் இருக்கும்.

சாயங்காலம் அண்ணன் கம்பெனி வண்டியில் சாய்ந்துகொண்டு அவளுக்காகக் காத்திருந்தான்.

"யோசிச்சியா?"

"யோசிச்சேன். நீ சொன்னது நெஜம்தான். அம்மாவே ஒத்துக்கிட்டாங்க."

அவன் முகம் தெளிந்தது. "அப்புறம் என்ன?"

"உன்னை ஒண்ணு கேக்கணும். குடும்பத்தைக் காட்டிக்கொடுக்கக் கூடாதுன்னு சொல்றியே. அது உனக்கு எங்கேர்ந்து வந்தது?"

"இதெல்லாம் ஒருத்தர் சொல்லியா தெரியணும்? ரத்த பாசம்."

"அப்பா சொன்னார். அந்த நீலக் கதவு வீட்டு வாசல்ல வண்டியை நிறுத்தி, உன் கையில பிஸ்கட் பாக்கெட்டைக் கொடுத்து, 'ஆம்பளைன்னா வீட்டு விஷயத்தை வெளிய சொல்லக் கூடாதுடா, செத்தாலும் வாயைத் திறக்கக் கூடாது'ன்னு சொல்லிட்டு உள்ள போவார். நான் பின்சீட்ல உக்காந்து கேட்டுக்கிட்டுத்தான் இருந்தேன். எதுக்குச் சொன்னார்? உன்னை நல்லவனாக்கவா? உள்ள நடக்கிறது அம்மாவுக்குத் தெரியக் கூடாதுன்னு. என்னை அம்மா பழக்கினாங்க. உன்னை அப்பா பழக்கினார். நான் நாய்னா நீ யாரு?"

"வாயை மூடு."

"வந்த வழி கேவலம்னு என்னோடதைக் குப்பையில போடணும்னா உன்னோடதையும் போடு. ரெண்டையும் போட்டாச்சுன்னு வச்சுக்கோ. அதுக்கப்புறம் மிச்சம் என்ன இருக்கு சொல்லு. இடுப்பு உடைஞ்சு ஒரு பொம்பளை படுத்திருக்கா. ஒண்ணும் பண்ணாத ஒருத்தன் ஸ்டேஷன்ல உக்காந்திருக்கான். இதையெல்லாம் அப்பாவும் சொல்லிக்கொடுக்கல, அம்மாவும் சொல்லிக்கொடுக்கல."

அவன் வண்டிக் கதவைக் காலால் உதைத்தான். தகரம் உள்ளே குழிந்தது. "நாளைக்கு நீ வாயைத் திறந்தா எனக்குத் தங்கச்சின்னு ஒருத்தி கிடையாது. அண்ணியும் பசங்களும் தெருவுல பார்த்தா காறித் துப்புவாங்க. எழுதி வச்சுக்கோ, அந்தப் புத்தகத்துல" என்று சொல்லிவிட்டு ஏறிப் போனான்.

செவ்வாய்க்கிழமை காலை கூட்ட அறையில் நாலு பேர் இருந்தார்கள். இன்ஸ்பெக்டர் குட்டையான மனிதர். மூக்கடைப்பு, கையில் கைக்குட்டை. அவருக்குப் பக்கத்தில் மேனேஜர். எதிரே அண்ணன், சலவைச் சட்டையில். சுவரோரமாகக் காவலாளி, மூன்று நாள் தாடியோடு. முதல் நாள் சாயங்காலம்தான் அவனை விட்டிருந்தார்கள், எப்போது கூப்பிட்டாலும் வரவேண்டும் என்று எழுதி வாங்கிக்கொண்டு.

அவள் புத்தகத்தை விரித்து வைத்தாள்.

"இது நீங்க எழுதினதா?"

"ஆமா சார்."

"வெள்ளிக்கிழமை ஒண்ணு, திங்கட்கிழமை ஒண்ணு. ரெண்டும் இரண்டாம் மாடிக் கதவுப் பூட்டு. மெக்கானிக்கிட்ட சொல்லிட்டீங்களா?"

"அன்னன்னைக்கே சொல்லிட்டேன்."

"அவர் என்ன சொன்னார்?"

"புதன்கிழமை பரிசோதனையில பார்க்கிறேன்னு சொன்னார்."

இன்ஸ்பெக்டர் பரிசோதனைத் தாளைப் புத்தகத்தின் பக்கத்தில் வைத்துத் தேதியை ஒத்துப் பார்த்தார். தும்மினார். "சரி. ஒத்துப்போகுது. நீங்க போகலாம்மா."

அவ்வளவுதான். அவள் இரவெல்லாம் பயந்திருந்த கேள்வி வரவே இல்லை. அண்ணன் மூச்சை விடுவது அவளுக்குக் கேட்டது. மேனேஜர் அடுத்த தாளைப் புரட்டினார். அவள் புத்தகத்தை எடுத்துக்கொண்டு கதவு வரை வந்துவிட்டாள்.

பொய் சொல்லவில்லை. கேட்டதற்கெல்லாம் உள்ளது உள்ளபடி பதில் சொல்லியாகிவிட்டது. வெளியே போய்த் தன் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டால் யாரும் அவளை ஒன்றும் சொல்ல முடியாது. அம்மாவின் கணக்குப்படி அவள் சுத்தம்.

கைப்பிடியில் கை வைத்தபோதுதான் அவளுக்கு உறைத்தது. புதன்கிழமை சாயங்காலமும் இப்படித்தான். அண்ணன் இடது கையால் கிறுக்கினதைப் பார்த்தாள். பூட்டு கெட்டிருப்பது தெரியும். மறுநாள் காலை மேனேஜரிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம், அந்தக் கட்டடத்துக்கு ஒரு போன் போட்டு, கதவில் கயிறு கட்டி வையுங்கள் என்று சொல்லியிருக்கலாம். முழுசாக இரண்டு நாள் இருந்தது. வாயே திறக்கவில்லை. ஏன் என்றால், யாரும் கேட்கவில்லை. கேட்டால் சொல்ல வேண்டும் என்றுதான் அவளுக்கு இருந்தது. கேட்காததைச் சொல்ல வேண்டும் என்று அம்மா சொல்லிக்கொடுக்கவில்லை. அம்மாவுக்கு அது தேவைப்படவில்லை. உளவாளிக்கு எஜமான் கேட்டால் போதும். அண்ணன் சொன்னது அவன் நினைத்ததைவிட நிஜம். அந்த நேர்மையில் கோணல் இருந்தது. அந்தக் கோணல் வழியாகத்தான் தையல்காரம்மா விழுந்திருக்கிறார்.

அவள் திரும்பினாள்.

"சார், நீங்க கேக்காத விஷயம் ஒண்ணு இருக்கு."

"ஏய்" என்றான் அண்ணன்.

"புதன்கிழமை இவர் அந்தக் கட்டடத்துக்குப் போகவே இல்ல. காலையிலேர்ந்து நாலரை வரைக்கும் எங்கம்மாவோட கண் ஆஸ்பத்திரியில இருந்தார். அந்தத் தாளை எங்க வீட்டு மேசையில உக்காந்து எழுதினார். வாட்ச்மேன் கையெழுத்தை இவரே இடது கையால போட்டார். நான் பக்கத்துல நின்னு பார்த்தேன். பார்த்துட்டு இன்னிக்கு வரைக்கும் யார்கிட்டயும் சொல்லல. அதையும் எழுதிக்கங்க."

அண்ணன் எழுந்த வேகத்தில் நாற்காலி பின்னால் விழுந்தது. "சார், நம்பாதீங்க! இவளுக்குச் சின்ன வயசுலேர்ந்து இதே வியாதி. கோள் சொல்றதுக்குன்னே எங்கம்மா பழக்கி வச்சது. எங்கப்பனையே வீட்டை விட்டு விரட்டினவ சார் இவ. புத்தியே அப்படி வளர்ந்தது!"

இன்ஸ்பெக்டர் மூக்கைத் துடைத்துக்கொண்டு அவனை ஏற இறங்கப் பார்த்தார்.

"யார் பழக்கினா எனக்கென்னய்யா? புதன்கிழமை நீ ஆஸ்பத்திரியில இருந்தியா, இல்லையா? அதைச் சொல்லு."

அண்ணன் தங்கையைப் பார்த்து, அம்மாவைச் சேர்த்து ஒரு கெட்ட வார்த்தை சொன்னான். மேனேஜர் "வெளிய போய்யா" என்று கத்தினார். மத்தியானத்துக்குள் ஆஸ்பத்திரியிலிருந்து தகவல் வந்துவிட்டது. நோயாளியை அழைத்துப்போனவர் என்ற இடத்தில் அவனுடைய கையெழுத்து, வலது கையால் போட்டது, நேரம் நாலு முப்பத்தைந்து.

அவள் நன்றியை எதிர்பார்த்தாளா என்று கேட்டால், கொஞ்சம் எதிர்பார்த்தாள் என்றுதான் சொல்ல வேண்டும். காவலாளி வராந்தாவில் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தான். அவள் அருகில் போனாள். அவன் டம்ளரை வைத்துவிட்டு வாயைத் துடைத்தான்.

"நான் ரெண்டு தடவை போன் பண்ணினேன். ரெண்டு தடவையும் நீதான் எடுத்த" என்றான். "ஸ்டேஷன்ல என்னை ஜட்டியோட உக்கார வச்சாங்க. இப்ப வந்து மூஞ்சியைக் காட்டுற. போம்மா அந்தப் பக்கம்."

அண்ணனின் உரிமம் ரத்தானது, வழக்கும் பதிவானது. அவளையும் கம்பெனி விட்டுவைக்கவில்லை. தெரிந்தும் மறைத்தாள் என்று குறிப்பாணை கொடுத்து வேலையிலிருந்து நிறுத்தினார்கள். அது அநியாயம் என்று அவளால் சொல்ல முடியவில்லை. அம்மா அந்த வாரமே பெட்டியைக் கட்டினாள். "நான் கேட்டேனா உன்னை? எவனாவது கேட்டானா? கேக்காததை எதுக்குடி போய்ச் சொன்ன?" என்று வாசலில் நின்று பக்கத்து வீடுகளுக்கெல்லாம் கேட்கிற மாதிரி கத்திவிட்டு அண்ணன் வீட்டுக்குப் போனாள். அண்ணி வந்து அழைத்துப்போனாள். அவளும் இவளுக்கு முகம் கொடுக்கவில்லை.

பத்தாம் நாள் அவள் எலும்பு ஆஸ்பத்திரிக்குப் போனாள். பெண்கள் வார்டில் கடைசிக் கட்டில். தையல்காரம்மாவின் கால் எடை கட்டித் தொங்கவிடப்பட்டிருந்தது. பக்கத்தில் யாரும் இல்லை.

"யாரு?"

அவள் சொன்னாள். யார் என்பதை, புதன்கிழமை பார்த்ததை, சொல்லாமல் இருந்ததை. சுருக்காமல், அழாமல் சொன்னாள். தையல்காரம்மா கூரையைப் பார்த்தபடியே கேட்டுக்கொண்டிருந்தார்.

"புதன்கிழமையே தெரியுமா உனக்கு?"

"தெரியும்."

"மன்னிச்சுடுன்னு கேக்க வந்தியா?"

"இல்ல. உங்களுக்குத் தெரியணும்னு வந்தேன்."

"தெரிஞ்சாச்சு. போ."

எழுந்தாள். அதற்குள் படுக்கை விரிப்பை மாற்ற ஒரு நர்ஸ் வந்தாள். தூக்கிப் பிடிக்க இரண்டு ஆள் வேண்டும். நர்ஸ் சுற்றும்முற்றும் பார்த்துவிட்டு, "நீங்க கூட வந்தவங்களா? அந்தப் பக்கம் பிடிங்க" என்றாள். தையல்காரம்மா அவளைப் பார்த்தார். வேண்டாம் என்றும் சொல்லவில்லை, சரி என்றும் சொல்லவில்லை. அவள் பையைக் கீழே வைத்துவிட்டு விரிப்பின் இரண்டு முனைகளையும் கையில் சுற்றிப் பிடித்தாள்.

"மெதுவா" என்றார் தையல்காரம்மா பல்லைக் கடித்துக்கொண்டு. "மெதுவா பிடி, சனியனே."

அவள் மெதுவாகப் பிடித்தாள்.